ஆங்கிலம் அறிவோம்: நள்ளிரவுக்கு எந்தக் கிழமை?



7.45 மணியை நாம் ‘ஏழே முக்கால்’ என்கிறோம். கடந்துபோன ஏழை வைத்துக் கணக்கிடுவது நம் வழக்கம். ஆங்கிலத்திலோ வரப்போகும் எட்டை வைத்து, ‘குவார்ட்டர் டு எய்ட்’ என்பார்கள். எட்டுக்குக் கால் மணி குறைவு என்பது பொருள். ‘எய்ட்’ காதில் விழுந்ததும் எட்டேகால் என்று எடுத்துக்கொண்டால் அரை மணி நேரம் பிந்திப் போவீர்கள். எட்டேகால் என்பது ‘குவார்ட்டர் பாஸ்ட் எய்ட்’. ‘டு’ வந்தால் கழியுங்கள், ‘பாஸ்ட்’ வந்தால் கூட்டுங்கள். இதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

பெரியவர்களையும் தடுமாற வைப்பவை ‘ஏ.எம்.’, ‘பி.எம்.’ என்பவைதாம். இவை லத்தீன் சுருக்கங்கள். நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் என்று பொருள்படும். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு பஸ் டிக்கெட் வாங்குகிறீர்கள். அதில் ‘வெள்ளி, 12.30 ஏ.எம்.’ என்று இருக்கிறது. வெள்ளி இரவு சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் போனீர்களானால், பஸ் முந்தின இரவே போயிருக்கும். டிக்கெட் காசும் போச்சு! வியாழன் இரவே மூட்டை முடிச்சுடன் நிலையத்தில் இருக்க வேண்டும். ‘12.30 பி.எம்.’ என்றால்தான் வெள்ளி மதியம்.

ஏன் இந்தக் குழப்பம்? பஞ்சாங்கத்தில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததுமே அடுத்த கிழமை பிறந்துவிடுகிறது. செவ்வாய் இரவு 12.10க்குப் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பத்திரத்தில் புதன்கிழமைத் தேதி, ஜாதகத்திலோ செவ்வாய். இரண்டும் சரிதான். பாரங்களில் மட்டும் பத்திரத்தில் உள்ள தேதியையே எழுதுங்கள்.

அடுத்து ‘பை’, ‘அன்டில்’. உபகாரச் சம்பள மனு ‘பை 30 ஜூன்’ வந்து சேர வேண்டும் என்றிருந்தால், 30ஆம் தேதிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டுப் பயனில்லை. ‘அன்டில்’ என்பது ஒரு நிலை நீடிப்பதைக் குறிக்கும். இரத்தம் எடுக்கும்வரை சாப்பிடாதீர்கள் என்று கிளினிக்கில் சொல்வது அந்த ‘அன்டில்’தான்.

ஓர் எச்சரிக்கை. ‘குளோஸ்ட் அன்டில் மண்டே’ என்று கதவில் தொங்கினால், ‘திங்கள்வரை மூடியிருக்கும்’ என மொழிபெயர்த்துக்கொண்டு செவ்வாயன்று போகாதீர்கள். பெரும்பாலும் திங்கள் காலையிலேயே திறந்துவிடுவார்கள். ஆனால் ‘ஓப்பன் அன்டில் ஃபிரைடே’ என்றால் பொதுவாக வெள்ளியும் சேர்ந்ததே. வியாழனன்றே போய்விடுவது என் வழக்கம்.