பிழை பிள்ளையிடம் இல்லை

திருவண்ணாமலைக்கு அருகே ஒரு காலனியில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். கணினி கிடையாது. சமுதாயக்கூடத்துத் திண்ணையும் சாக்பீஸும்தான். ஒரு பிள்ளை ரோபோவாக நிற்கும். திண்ணையிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை அது போய்ச் சேர மற்றவர்கள் கட்டளை எழுத வேண்டும். ஏழாம் வகுப்பு படிக்கும் ஒருத்தி எழுதினாள்: "பத்து அடி நேரா போ. இடது பக்கம் திரும்பு. அஞ்சு அடி போ." எழுதியபடியே நடந்த ரோபோ, எட்டாவது அடியில் சுவரில் முட்டி நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் தாளைக் கசக்கிக்கொண்டே, "எனக்கெல்லாம் இது வராதுக்கா" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் இல்ல. மொத வரியிலதான் தப்பு. அத மட்டும் மாத்து" என்றேன். பத்தை ஏழாக்கினாள். ரோபோ குழாயைத் தொட்டது.

"வராது" என்பது அவள் கண்டுபிடித்த சொல் அல்ல. உங்களுக்குப் படிப்பு வராது, கணக்கு வராது, இங்கிலீஷ் வராது என்று தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளின் காதில் ஓதப்பட்ட சொல். நான் பள்ளியில் படித்தபோது எனக்கும் சொல்லப்பட்டது. பன்னிரண்டு வயதுக்குள் அதை அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள்.

கணினிச் சிந்தனை என்று இன்று பரவலாகப் பேசப்படுவது ஒன்றும் மாயவித்தை இல்லை. பெரிய சிக்கலைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, திரும்பத் திரும்ப வருவதை அடையாளம் காண்பது, தேவையற்றதை ஒதுக்குவது, செய்ய வேண்டியதைப் படிப்படியாக எழுதுவது, பிழையைத் தேடித் திருத்துவது. ஜெனட் விங் 2006 இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பிரபலமானது. யோசனை அதற்கும் பழையது. 1967 இல் குழந்தைகளுக்காக 'லோகோ' மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், நிரல் எழுதும் குழந்தை தவற்றை அவமானமாகப் பார்க்காமல் திருத்தக்கூடிய ஒன்றாகப் பார்க்கப் பழகும் என்று வாதிட்டார். சாதி ஒழிப்பில் அக்கறை உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நிரல் ஓடவில்லை என்றால் எந்த வரியில் பிழை என்றுதான் தேட வேண்டும். எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு அங்கே வேலை இல்லை.

அதே வகுப்பில் இன்னொரு நாள், தெரிந்த ஒரு செயலைப் பாய்வுப் படமாக வரையச் சொன்னோம். கட்டங்கள், அம்புக்குறிகள், ஆம்–இல்லை கேட்கும் சாய்சதுரம். ஒருவன் டீ போடுவதை வரைந்தான். இன்னொருத்தி கிரிவலத்தை வரைந்தாள்: 14 கிலோமீட்டர், எட்டு லிங்கங்கள், புறப்பட்ட இடத்துக்கே திரும்புதல். லூப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் ஊரில் கிடைக்காது. ஒரு பையன் தன் ஊர்த் தேரை வரைந்தான். தேர் கிளம்புகிறது, கடைத்தெரு, மேட்டுத்தெரு. பிறகு ஒரு சாய்சதுரம். அதனுள்ளே 'காலனியா?' என்று எழுதியிருந்தான். 'ஆம்' என்ற அம்பு, தேரை வந்த வழியே திருப்பிக்கொண்டு போனது.

யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சின்னப் பிள்ளை கேட்டாள்: "இந்த வரிய யாருக்கா எழுதுனாங்க?"

சாதி இயற்கை இல்லை, யாரோ எழுதி வைத்த விதி என்று நாம் மேடையில் மணிக்கணக்காகப் பேசுவதை அந்தச் சாய்சதுரம் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டது. எழுதிய விதியை மாற்றவும் முடியும். இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், சுமார் 80 ஆண்டுகள் மறுக்கப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் நுழைந்தார்கள். ஒரு வரி மாறியது. அதற்கே போலீஸ் பாதுகாப்பு தேவைப்பட்டது. தாளில் பத்தை ஏழாக்குவதுபோல் அவ்வளவு எளிதில் சமூகத்தில் எதுவும் மாறாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பறையின் அடிகளில் லூப் இருக்கிறது. ஆரணிப் பட்டுத் தறியின் ஜக்கார்டு அட்டையில் உள்ள துளைகள், 1804 இல் பிரான்சில் உருவான தறியின் வழிவந்தவை. சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்கு அந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை வைத்து 1974 இல் கணினிக் கோட்பாட்டு ஆய்வு ஒன்றையே வெளியிட்டார்கள். இவையெல்லாம் அருமையான பாடங்கள். ஆனால் பறை அடிப்பவர் பிள்ளைக்குப் பறையையும் நெசவாளர் பிள்ளைக்குத் தறியையும் மட்டும் காட்டினால், 1953 இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்துவிடுவோம். அக்ரகாரத்துப் பிள்ளை பறையில் லூப் கற்கட்டும். காலனிப் பிள்ளை கோலத்தில், செஸ்ஸில், ரயில்வே அட்டவணையில் கற்கட்டும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020, நடுநிலை வகுப்புகளில் கோடிங்கையும் வைக்கிறது; தச்சு, மண்பாண்டம் போன்ற கைத்தொழில் அறிமுகத்தையும் பத்து நாள் உள்ளூர்ப் பயிற்சியையும் வைக்கிறது. காகிதத்தில் எல்லோருக்கும் எல்லாம். நடைமுறையில் எந்தப் பிள்ளைக்கு கீபோர்டு, எந்தப் பிள்ளைக்கு உளி என்று நமக்குத் தெரியாதா? அதே 2020 இல், ஊரடங்கு நேரத்தில், கோடிங் கற்றால் கோடிச் சம்பளம் என்று ஒரு கற்பனைச் சிறுவனைக் காட்டி ஒயிட்ஹேட் ஜூனியர் விளம்பரம் செய்தது. அதன் விளம்பரங்கள் சிலவற்றை நீக்கும்படி விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் சொல்ல வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் அப்போது ஒரே போனை மூன்று பேர் பகிர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, சுவரில் முட்டிய ரோபோவின் எசமானி கேட்டாள்: "அடுத்து என்னக்கா?"

அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். ஸ்கிராட்ச் இலவசம். இணையம் இல்லாமலும் ஓடும், கட்டளைத் துண்டுகளை இழுத்துக் கோத்து விளையாட்டு செய்யலாம். அதன்பின் முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்'. திரையில் எழுத 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளையிடலாம். ஆங்கிலம்தான் அறிவு என்ற பயம் அங்கே உடையும். பிறகு பைத்தான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் இருப்பதும் அதுதான். நான்கைந்து வருடத்துக்கான பாதை கண்முன் இருக்கிறது.

பாதை இருக்கிறது, நடக்க இடம் இல்லை. திண்ணையில் சிந்திக்கக் கற்கலாம், கோடிங்குக்குக் கணினியும் அதன்முன் உட்கார நேரமும் வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை, யாரும் எட்டிப் பார்க்காத தன் அறையில் ஆயிரம் முறை தப்பு செய்து கற்கிறது. பிறகு அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைக்கிறோம். நம் பிள்ளைக்கு வாரம் ஒரு பீரியட், அதிலும் ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர். தப்பு செய்யும் நேரம்தான் இங்கே சாதிவாரியாகப் பங்கிடப்படுகிறது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. பெங்களூரில் கட்டற்ற மென்பொருள் தோழர்கள் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரில் சமுதாயக் கணினி மையம் நடத்திக் காட்டினார்கள். பக்கத்து விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பிக்கிறது. கழித்துப் போடும் பழைய கணினியில்கூட லினக்ஸ் ஓடும்.

எனவே நம் கோரிக்கைகள் எளிமையானவை. அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப்களை மாலையிலும் சனிக்கிழமையிலும் திறங்கள். கணினி அறிவியலில் பி.எட். முடித்துவிட்டு ஆண்டுக்கணக்காக வேலை கேட்டுப் போராடுபவர்களை நியமியுங்கள். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டி, இன்று பல இடங்களில் பூட்டிக் கிடக்கும் நூலகங்களில் ஐந்து கணினிகள் வையுங்கள். அந்தக் கட்டடம் காலனிப் பிள்ளை தயங்காமல் நுழையும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காலனியிலேயே ஒன்றைக் கட்டுங்கள்.

கோடிங் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தலித் பொறியாளர் ஒருவரிடம் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாக சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020 இல் கலிஃபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்ததை நாம் மறக்கவில்லை. சிலிகான் பள்ளத்தாக்குவரை தேர் போகிறது. சாய்சதுரமும் கூடவே போகிறது. அதனால்தான் நம் பிள்ளைகள் கட்டளையை நிறைவேற்றக் கற்றால் மட்டும் போதாது. இந்த வரியை யார் எழுதினார்கள் என்று கேட்கவும் கற்க வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமையையும் ஒரு பழைய லேப்டாப்பையும் கொண்டு வாருங்கள். அடுத்து என்ன என்று கேட்டவள் இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.