அலர்மேல்மங்கை: இரு மொழிகள் பகிர்ந்துகொண்ட ஒரு பெயர்

திருப்பதி தமிழருக்கு உரியதா, தெலுங்கருக்கு உரியதா என்ற பழைய வழக்கு சமூக ஊடகங்களில் மீண்டும் எழும்போதெல்லாம் ஒரு பெண்பெயர் சாட்சிக்கு இழுக்கப்படுகிறது. அலமேலு என்பது தூய தமிழ்ப் பெயர் என்பார் ஒரு சாரார். அன்னமாச்சாரியார் பாடிப் பரவிய அலமேலுமங்க தெலுங்கரின் தாயார் என்பார் மறுசாரார். அப்பெயர் கடந்துவந்த வழியை நோக்கினால் இந்த வழக்கிற்கு அது பொருந்தாத சாட்சி என்பது புலப்படும்.

பெயரின் முழுவடிவம் அலர்மேல்மங்கை. அலர் என்பது விரிந்த மலர், இங்குத் தாமரை. அதன்மேல் வீற்றிருக்கும் மங்கை திருமகள். (களவுக் காதலைப் பற்றி ஊரெல்லாம் விரிந்துவிட்ட பேச்சையும் சங்க இலக்கியம் அலர் என்றே வழங்கும். பெண்மகவுக்கு இப்பெயரைச் சூட்டியோர் எவரும் அதற்கு அஞ்சியதாகத் தெரியவில்லை.) திருவேங்கடத்தானை முன்னிறுத்திய திருவாய்மொழிப் பதிகத்தில், அதாவது ஆறாம் பத்தின் பத்தாம் பதிகத்தில், நம்மாழ்வார் இத்தொடரை ஆள்கிறார். அங்கு அவள் இறைவனின் மார்பில் உறைபவள். மலைக்குக் கீழே திருச்சானூரில் தனிக்கோயில் கொண்டு பத்மாவதி என வடமொழிப் பெயரால் வணங்கப்படுபவளும் அவளே. அவ்வூருக்கு அலமேலுமங்காபுரம் என்ற பெயரும் உண்டு.

ஒலிமாற்றம் எளியது. மகரத்தின் முன் நின்ற ரகர ஒற்று பேச்சில் நழுவியது; ஈற்றில் உகரம் சேர்ந்தது. பாலைப் பாலு என்றும் கல்லைக் கல்லு என்றும் சொல்லும் நாவுக்கு அலமேலு இயல்பானது. அந்த உகரத்தைத் தெலுங்கின் செல்வாக்கு என்று கொள்ளத் தேவையில்லை. முதற்சொல்லை அலை எனக் கொண்டு பாற்கடலை நினைப்பதற்கும் இடமில்லை. மறைந்த ரகரத்தைப் பாசுரம் காட்டிக்கொடுக்கிறது. தெலுங்கு நாவில் மங்கை மங்க ஆனாள். அலமேலு, அலிவேலு என்றும் திரிந்தாள். மகரம் வகரமாவது அம்மொழிக்குப் புதிதன்று. மாமனை மாவ என்பதும் அங்கு உண்டு. வண்டு போல் கருத்த கூந்தலாள் என்று பொருள்படும் அலிவேணி என்னும் தெலுங்குச் செய்யுட்சொல்லின் சாயலும் இத்திரிபில் படிந்திருக்கலாம்.

சுவையான செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. நெடும்பெயரை வீட்டில் எவரும் முழுதாக அழைப்பதில்லை. தமிழ் வீடுகள் பெரும்பாலும் முன்பாதியை வைத்துக்கொண்டன. தெலுங்கு வீடுகள் அலிவேலம்மாவோடு பின்பாதியையும் எடுத்து மங்க என்றும் மங்கம்மா என்றும் அழைத்தன. இலக்கணப்படி அலமேலு என்பதற்கு 'மலரின்மீது' என்பதே பொருள். மலர் இருக்கிறது, அமர்ந்திருந்த பெண் இல்லை. மங்கம்மாவில் பெண் இருக்கிறாள், அவள் அமர்ந்த மலர் இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை: மங்கை என்ற தமிழ்ச்சொல்லைப் பெயராகப் பேணியவை தெலுங்கு வீடுகள், தமிழ் வீடுகளோ அதைத்தான் உதறின.

சிற்றூர் சித்தூரான நிலத்தில் இதில் வியப்பில்லை. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. 1960இல் திருத்தணி தமிழகம் வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு நகர்ந்தபோதும் அங்குள்ள தமிழ் வீட்டு அலமேலுவும் தெலுங்கு வீட்டு மங்கம்மாவும் ஒரே தாயாரின் பெயரையே தாங்கியிருந்தனர். இதில் எந்தப் பாதியைச் சான்றாகக் காட்டி எந்த நிலத்தைக் கோருவது?

வழக்காடுவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரு மொழிகளிலும் இப்பெயர் இன்று பாட்டிமார் பெயராகிவிட்டது. தமிழ்த் திரைப்படம் அலமேலுவைப் பல காலம் நகைப்புக்குரிய பெயராகவும் ஆக்கிவைத்தது. பெயரைச் சுருக்கி, பொருளை இழந்து, பிறகு பொருளற்ற பழம்பெயர் என்று ஒதுக்குவது நியாயமன்று. முழுவடிவம் காதுக்கு இனியது என்பதற்குப் பரதக் கலைஞர் அலர்மேல் வள்ளியின் பெயரே போதும். அதில் ரகரமும் இருக்கிறது, மலர்மேல் ஒரு பெண்ணும் இருக்கிறாள். பத்மாவதி என்று பெயரிட விரும்பும் பெற்றோர், திருச்சானூர்த் தாயாருக்கு நம்மாழ்வார் காலத்திலிருந்தே வழங்கிவரும் இன்னொரு பெயரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். அலர்மேல்மங்கை என்று, சுருக்காமல்.