ஆப்புக்குத் தெரியாத சீட்டுப் பணம்

பிளேஸ்மென்ட் முடிஞ்சதிலிருந்து நம்ம கிளாஸ் குரூப்பில் ஒரே கேள்விதான்: "வரவு செலவு பார்க்க எந்த ஆப் நல்லது?" எஸ்எம்எஸ்ஸைப் படிச்சு தானாகவே கணக்குப் போடுற ஆப்புக்குத்தான் ஓட்டு அதிகம். போன ஜூலை வரைக்கும் என் ஓட்டும் அதுக்குத்தான்.

எங்க வீடு திருவொற்றியூர். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுறார். டிரிப் பேட்டா கையில்தான் வரும். அம்மா தெருவில் ஏலச் சீட்டு போடுறாங்க. 20 பேர், மாசம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். என் ஃபீஸுக்காக ஏழாவது மாசமே 20,000 தள்ளி எடுத்தாங்க. 80,000 என் அக்கவுண்ட்டுக்கு வந்தது. ஃபீஸ் 55,000 போக, மீதியை 'இந்த மாதச் சேமிப்பு' என்று பச்சையில் காட்டி ஆப் பாராட்டியது. நானும் நம்பி, செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கலாமான்னு கேட்டேன். அம்மா நோட்டைத் திறந்து காட்டினாங்க. "சேமிப்பு இன்னாடா? அது கடன்டா. இன்னும் பதிமூணு தவணை கட்டணும்."

ஆப் பொய் சொல்லவில்லை. அதுக்குத் தெரிஞ்சது எஸ்எம்எஸ் மட்டும்தான். பேட்டா, சீட்டு, அடகு நகை எதுவும் அதன் கண்ணில் படாது. அதனால் என் கருத்து இதுதான்: 'தானா கணக்குப் போடுமா' என்பதைவிட, 'கடனைக் கடன்னு பதிய விடுமா' என்பதுதான் முதல் கேள்வி.

உதாரணத்துக்கு க்னூகேஷ். இலவசம், ஓபன் சோர்ஸ். இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டையும் எழுதணும். சீட்டை எடுக்கும்வரை கட்டினது சொத்து. எடுத்த பிறகு பாக்கித் தவணை கடன். ஃபைலும் நம்ம கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

அடுத்த கேள்வி, ஆப்பை மூடிட்டா நம்ம கணக்கு என்னாகும்? அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் பயன்படுத்திய மின்ட்டை, இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடியது. சிஎஸ்வி ஃபைலாக டேட்டாவை வெளியே எடுக்க முடியாத ஆப்பில் கணக்கை ஆரம்பிக்காதீங்க.

முதலீட்டுக்குத் தனி ஆப்பும் கட்டாயமில்லை. டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்ந்த ஒரே அறிக்கையை என்எஸ்டிஎல்லோ சிடிஎஸ்எல்லோ இலவசமாகவே மெயிலில் அனுப்புது.

கையால் டைப் பண்றது போர்தான், ஒத்துக்கிறேன். ஆனா அம்மா தினமும் ராத்திரி அஞ்சு நிமிஷம் எழுதுறாங்க. எழுதுறதாலதான் பதிமூணு தவணை அவங்களுக்கு ஞாபகம் இருந்தது. எழுதாத எனக்கு 25,000 மிச்சமாத் தெரிஞ்சது.

முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடி, ஒரு மாசம் வீட்டுக் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்க. எந்த ஆப் வேணும்னு அப்புறம் யார்கிட்டயும் கேட்க வேண்டியிருக்காது.