பாயும் காரை நிறுத்தும் பாடி

சீறிப் பாயும் சிறிய கார் என்றால் எல்லோரும் என்ஜினைத்தான் புகழ்வார்கள். பிரேக் சரியில்லாவிட்டால் அந்த வேகத்தால் என்ன பயன்?

வேகம் இரு மடங்கு ஆனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகும். பிரேக்கை மிதித்ததும் பாரம் முன்பக்கம் சாயும். அதனால் முன் சக்கரங்களுக்குப் பலமான பிரேக் வைக்கிறார்கள்.

பிரேக் தயாரிக்கும் ஊர்களில் ஒன்று, சென்னை பாடி. அங்கே 1962-ல் 'பிரேக்ஸ் இந்தியா' தோன்றியது. பக்கத்திலேயே 'லூகாஸ் டி.வி.எஸ்.' ஆலை. என்ஜினைக் கிளப்பும் 'ஸ்டார்ட்டர்' மோட்டாருக்குப் பெயர் பெற்றது.

இப்போது மின்சார கார் வந்துவிட்டது. அதில் என்ஜின் இல்லை. அதைக் கிளப்பும் ஸ்டார்ட்டரும் இல்லை. ஆனால் பாட்டரியால் பாரம் அதிகம். சட்டென்று வேகமும் பிடிக்கும்.

பாடித் தொழிலாளியின் ஒரு வேலை குறையலாம். புதிய வேலை கற்க வேண்டியிருக்கும். ஆனால் எந்தக் கார் ஓடினாலும், அதை நிறுத்த வேண்டாமா?