தறியில் வாழும் தமிழ் கல்லூரியில் சாவதோ?

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் ஆரணி. பாவும் ஊடையும், தாரும் நாடாவும், அச்சும் விழுதும், மிதியும் கோர்வையும் என்று அத்தொழிலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு வினைக்கும் அவ்வூர் நெசவாளன் நாவில் சொல் உண்டு. அச்சொற்களை எந்தக் கலைச்சொற் குழுவும் அவனுக்கு ஆக்கித் தரவில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் அச்சிட்டு வழங்கவில்லை. தொழில் வளர்ந்தது, அதனோடு சொல்லும் வளர்ந்தது. உழைக்கின்றவன் வாயில் மொழி ஒருநாளும் வறண்டதில்லை.

அவன் செய்வது வெறுங்கைத் தொழிலும் அன்று. கச்சாப் பட்டு நூலை வழலை நீரில் வேகவைத்துப் பசை நீக்கினால், எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என்பதை அவன் அறிவான். அது வேதியியல். பாவில் எத்தனை இழை, அச்சின் ஒரு பல்லிடையில் எத்தனை இழை, சேலையின் அகலத்துக்கு எத்தனை பல் என்று கணக்கிடுகின்றான். அது கணக்கியல். இழையின் இழுவிசை கூடினால் அறும், குறைந்தால் தொய்யும் என்று கையாலேயே அளக்கின்றான். அது விசையியல். தறியின் மேலே அமர்ந்திருக்கும் பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகச் சுழல்கின்றன. துளை இருந்தால் ஓரிழை எழும், இல்லையேல் எழாது. பிரெஞ்சு நாட்டுப் பட்டு நகரமாகிய இலியோனில் சக்கார்டு என்பார் 1804-இல் அமைத்துக் காட்டிய இவ்வட்டை முறையினின்றே கணிப்பொறிக்குத் துளையட்டை வழங்கும் எண்ணம் பிறந்தது. உண்டு, இல்லை என்னும் அவ்விரண்டன் கணக்கையும் ஆரணி நெசவாளன் தமிழிலேயே எண்ணித் தமிழிலேயே ஓட்டுகின்றான்.

ஆனால், அவன் மகன் கல்லூரி வாயிலில் கால் வைத்தவுடன் அவனுக்குச் சொல்லப்படுவது என்ன? "உன் மொழியில் அறிவியல் இல்லை, வெளியே விட்டுவிட்டு உள்ளே வா" என்பதன்றோ! தந்தையின் கைக்கு விளங்கிய அறிவு, மகனின் தேர்வுத் தாளுக்கு விளங்காத மொழியில் வந்து நிற்கின்றது. வகுப்பில் ஆசிரியர் பாதியைத் தமிழில் விளக்குகின்றார். தேர்வில் முழுவதையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கச் சொல்கின்றனர். விளங்கிக்கொண்டது ஒரு மொழி, எழுதுவது வேறு மொழி என்றால், இடையில் நிற்பது உருப்போடுதல் ஒன்றே. உருப்போட்டவன் பட்டம் பெறலாம். புதியது ஒன்றும் படைக்க மாட்டான்.

நிறுத்தப் பார்த்தனர்

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியல், எந்திரப் பொறியியல் என்னும் இரு துறைகளில் தமிழ்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழுலகம் மகிழ்ந்தது. துறைகளைப் பெருக்கியிருக்க வேண்டிய அப்பல்கலைக்கழகமே, 2023 மேத் திங்களில், சேர்வோர் தொகை குறைந்துவிட்டது என்று கூறித் தன் உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் அவ்விரு துறைகளின் தமிழ்வழியை நிறுத்துவதாக அறிவித்தது. தமிழ்நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பின்னரே, சில நாள்களில் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆரணியை அடுத்த தச்சூரில் உள்ள பொறியியற் கல்லூரியும் அப்பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே. நெசவாளர் மக்களுக்கும் உழவர் மக்களுக்கும் பக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரிகள் இவை. இவற்றில் தமிழுக்கு இடமில்லை என்றால் வேறு எங்கே இடம்?

சேர்வோர் குறைந்தனர் என்பது பொய்யன்று. ஏன் குறைந்தனர் என்று கேட்காததுதான் குற்றம். பொறியியல் மேற்படிப்புக்கான நாடளாவிய 'கேட்' தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கின்றது. இந்திய அரசின் பொறியியற் பணித் தேர்வுக்கும் ஆங்கிலத்திலேயே விடை எழுத வேண்டும். தனியார் நிறுவனத்தார் ஆங்கிலத்திலேயே நேர்காணுகின்றனர். பாடம் சொல்லும் ஆசிரியர் தாமே ஆங்கிலத்தில் படித்து வந்தவர். தமிழில் சொல்லித்தர அவருக்குப் பயிற்சியும் இல்லை, ஊக்கமும் இல்லை. பாலத்தைக் கட்டாமல் பாதையை மட்டும் போட்டுவிட்டு, "இவ்வழியே யாரும் வரவில்லை, ஆகவே பாதையை மூடுவோம்" என்பது எத்தகைய அறிவு!

வேடிக்கை ஒன்றையும் காண்க. மருத்துவ நுழைவுத் தேர்வை 2017 முதல் தமிழில் எழுதலாம். பொறியியற் கல்விக்கான நாடளாவிய நுழைவுத் தேர்வை 2021 முதல் தமிழில் எழுதலாம். நுழைவதற்குத் தமிழ் போதுமாம். நுழைந்த பின் கற்பதற்குத் தமிழ் போதாதாம்! வாயிற்படி வரை வரவேற்றுக் கூடத்தில் கதவடைக்கும் விருந்தோம்பல் இது.

தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பணிக்குரிய கல்வித் தகுதியை மட்டுமன்றிப் பள்ளிக் கல்வியையும் தமிழ்வழியிலேயே பெற்றிருக்க வேண்டும் என்று 2020-இல் அது திருத்தப்பட்டது. நல்ல திருத்தமே. ஆனால், அடித்தளம் முதல் முகடு வரை தமிழில் ஏறி வந்தவனுக்கே பயன் என்று சட்டம் சொல்ல, கல்லூரி என்னும் படியையே பெயர்த்தெடுத்தால் அவன் எங்ஙனம் ஏறுவான்? பொறியாளர் பணிக்குப் பட்டமே தகுதி. அப்பட்டம் தமிழில் இல்லையென்றால் அச்சட்டம் அவனுக்கு ஏட்டுச் சுரைக்காயே.

முடியாது என்பார்க்கு

"உயர்கல்வியைத் தமிழில் தர இயலுமா?" என்று ஐயுறுவோர் வரலாறு அறியாதார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கர் சாமுவேல் கிரீன், முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். கற்றவர்கள் ஊர்ப்புறத்தை விட்டு அரசுப் பணிக்குப் பறந்தனர். அதைக் கண்டு 1864 முதல் தமிழில் கற்பித்தார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். கடல் கடந்து வந்த அயலார் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியதை, இத்தனை பல்கலைக்கழகங்களை வைத்துக்கொண்டு இற்றைத் தமிழர் செய்ய இயலாதாம்! ஐதராபாத்தில் 1918-இல் தோன்றிய உசுமானியாப் பல்கலைக்கழகம் மருத்துவமும் பொறியியலும் உட்பட உருதுவிலேயே கற்பித்தது. கோவை அரசுக் கலைக் கல்லூரியில் 1960-இலேயே தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. வித்து ஊன்றியாயிற்று, நீர் ஊற்றுவார்தாம் இலர்.

இன்னும் நாணுதற்குரிய ஒப்புமை ஒன்று உண்டு. பசிபிக்குப் பெருங்கடலில் உள்ள அவாயித் தீவுகளின் மொழி, ஐந்து உயிரும் எட்டு மெய்யுமே கொண்ட சிறு நெடுங்கணக்கினது. 1893-இல் அத்தீவுகளின் அரசி வீழ்த்தப்பட்டார். 1896-இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியது. 1980-களின் தொடக்கத்தில் அம்மொழியைப் பேசும் சிறார் ஐம்பதின்மர்கூட இலர். அந்நிலையில் அம்மக்கள் என்ன செய்தனர்? 1978-இல் தம் மாநில அரசமைப்பில் தம்மொழியை ஆட்சிமொழியாக எழுதுவித்தனர். 1984-இல் தாய்மொழி மழலையர் பள்ளி திறந்தனர். 1987-இல் அரசுப் பள்ளிகளுள் புகுந்தனர். 1997-இல் ஈலோ நகர்ப் பல்கலைக்கழகத்தில் தம்மொழிக்கென்றே ஒரு கல்லூரி கண்டனர். பின்னர் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் அங்கே வந்தன. சாவின் விளிம்பில் நின்ற மொழி மழலையர் பள்ளியினின்று முனைவர் பட்டம் வரை படி அமைத்துக்கொண்டது. ஈராயிரம் ஆண்டு இலக்கியமும் கோடிக்கணக்கான மக்களும் உடைய மொழி, இரண்டு துறைகளைக் காத்துக்கொள்ளப் போராட வேண்டியிருக்கின்றது!

எழுத்து மட்டும் தமிழாயின் போதாது

தமிழ்வழி என்பது ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் பெயர்த்து வைப்பதன்று. 2022-இல் போபாலில் வெளியிடப்பட்ட இந்தி மருத்துவ நூல்களில் ஆங்கிலக் கலைச்சொற்கள் நாகரி எழுத்தில் அப்படியே நின்றன. அது மொழிவழிக் கல்வியன்று; ஆடை மாற்றம். 1916-இல் சேலத்தில் இராசாசியும் நண்பர்களும் அறிவியற் சொல்லாக்கத்துக்குச் சங்கம் கண்டபோதும், அதன் பெயரே வடசொல்லாய் இருந்தது. அதே 1916-இல்தான் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டார். வெற்றி பெற்றது எது? தகைவு, திரிபு, விசை, ஆற்றல், மின்னோட்டம், நெம்புகோல் என்று பாடநூல்களில் இன்று வழங்கும் சொற்களே விடை கூறும். 'தகைவு' என்றால் மாணவன் பொருளைப் பற்றிக்கொள்கின்றான். அயற்சொல்லாயின் ஒலியை மட்டும் பற்றிக்கொள்கின்றான்.

ஆங்கிலம் கற்க வேண்டா என்று எவரும் சொல்லவில்லை. ஒரு மொழியாக அதனை நன்றாகக் கற்கட்டும். செர்மானியனும் சப்பானியனும் கற்கவில்லையா? ஆயின் அவர்கள் தம் பொறியியலைத் தம்மொழியிலேயே கற்கின்றனர். ஆங்கிலத்தைப் பலகணியாகக் கொள்கின்றனர், கதவாகக் கொள்ளவில்லை.

செய்ய வேண்டுவன இவை:

அரசு பொறியியற் கல்லூரிகளிலும் உறுப்புக் கல்லூரிகளிலும், சேர்வோர் எத்தனை பேராயினும், தமிழ்வழிப் பிரிவு சட்டக் காப்போடு நிலைபெற வேண்டும்.

மின்னியல், கணிப்பொறியியல், நெசவுப் பொறியியல் ஆகியவற்றுக்கும் அது விரிய வேண்டும்.

தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியர்க்குப் பயிற்சியும், பாடநூல் எழுதுவோர்க்குத் தக்க ஊதியமும் வழங்க வேண்டும்.

மேற்படிப்புத் தேர்வையும் பொறியியற் பணித் தேர்வையும் தமிழில் எழுதும் உரிமையை இந்திய அரசிடம் தமிழக அரசு கேட்டுப் பெற வேண்டும்.

தொழிலாளர் நாவில் உள்ள சொற்களைத் தொகுத்துக் கலைச்சொல் அகரமுதலியில் ஏற்ற வேண்டும். ஆரணித் தறிமேடையே அதற்கு முதற் பள்ளியாகட்டும்.

தமிழன்பர்கள் மேடையில் முழங்குவதோடு அமையாது, தத்தம் ஊர்க் கல்லூரியில் தமிழ்வழிப் பிரிவு உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையேல் கேட்டுப் பெறவேண்டும். இருப்பின் அங்கே தம் மக்களைச் சேர்க்க வேண்டும். பிறர் பிள்ளைக்குத் தமிழும் தம் பிள்ளைக்கு ஆங்கிலமும் பரிந்துரைக்கும் பற்று, பற்றாகாது. பாவு மட்டும் இருந்தால் ஆடையாகாது. ஊடை ஓட வேண்டும். தமிழ் என்னும் பாவு ஈராயிரம் ஆண்டுகளாக நீண்டு கிடக்கின்றது. அறிவியல் என்னும் ஊடையை ஓட்டுவது இத்தலைமுறையின் கடன்.