தேர்வு பொதுதான், வாசல் பொதுவா?

இங்கே எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க வேண்டுமானால், பொதுவாக அங்கே குறைந்தது மூன்றாண்டு ரெசிடென்சி பயிற்சி பெற வேண்டும். அதற்கு யு.எஸ்.எம்.எல்.இ. உரிமத் தேர்வின் முதல் இரண்டு கட்டங்களில் தேறி, இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் பெற்று, 'மேட்ச்' ஒதுக்கீட்டில் இடம் பிடிக்க வேண்டும். கணினிக்குச் சாதி தெரியாது, திறமை இருந்தால் போதும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் பணம். 2025 நிலவரப்படி, இங்கிருந்து எழுதுபவருக்கு முதல் இரண்டு கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. சான்றிதழுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் கட்டணம் தனி. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஏராளம்; அதற்கும் தனித்தனியே கட்டணம். இவ்வளவும் செலவழித்த பிறகு, 2025 மேட்ச்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் ஏறத்தாழ 58 சதவீதம் பேருக்குத்தான் முதலாண்டு இடம் கிடைத்தது. வீட்டின் முதல் மருத்துவர், சம்பளத்தை எதிர்பார்த்து அம்மாவும் அப்பாவும் காத்திருக்கும்போது, ஓரிரு ஆண்டுகள் வருமானமின்றிப் படித்து இந்தச் சூதாட்டத்தில் இறங்க முடியுமா?

அடுத்தது ஆள் பழக்கம். 2022 ஜனவரியிலிருந்து முதல் கட்டத் தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்விதான். அதனால் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணோடு, அமெரிக்க மருத்துவர் தரும் பரிந்துரைக் கடிதத்தின் எடையும் கூடுகிறது. அந்தக் கடிதம் வேண்டுமென்றால் அங்கே போய்ச் சில வாரங்கள் சம்பளமின்றி மருத்துவமனையில் நிற்க வேண்டும். தங்க மாமா வீடு வேண்டும், சேர்த்துவிடத் தெரிந்தவர் வேண்டும். அமெரிக்காவின் இந்தியக் குடியேறிகளில் தலித்துகளும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும் சேர்ந்தே 1.5 சதவீதம்தான் என்றது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2003ஆம் ஆண்டு ஆய்வு. நம் பிள்ளைக்கு மாமா எங்கிருந்து வருவார்?

மூன்றாவது விசா. வருகையாளர் விசா கேட்கும் எவரையும், அங்கேயே தங்கிவிட வருபவர் என்றே 214(பி) பிரிவு முதலில் கருதுகிறது. அப்படியில்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. சொந்த ஊரில் நிலமும் வங்கியில் சேமிப்பும் இருப்பவர் காட்டுவார். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர் எதைக் காட்டுவார்? எச்-1பி விசாவில் ரெசிடென்சி சேர மூன்றாம் கட்டத்திலும் தேற வேண்டும். அந்தத் தேர்வு அமெரிக்க மண்ணில் மட்டுமே நடக்கிறது. அதாவது, தேர்வெழுதவே ஒரு விசா! 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள். ஜே-1 விசாவில் போனாலோ, பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும், அல்லது விலக்கு பெற்று மருத்துவர் கிடைக்காத பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய வேண்டும். அமெரிக்க மருத்துவர்கள் போகத் தயங்கும் ஊர்களுக்கு இவர்கள் தேவை. ஆனால் கதவு மட்டும் பாதிதான் திறக்கும்.

இவையெல்லாம் இயற்கை விதிகள் அல்ல, மனிதர்கள் எடுத்த முடிவுகள். முன்பு இரண்டாம் கட்டத்தின் செய்முறைத் தேர்வுக்காக எல்லோரும் அமெரிக்கா போக வேண்டியிருந்தது. கொரோனாவின்போது அதை நிறுத்தினார்கள்; 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். நேர்காணல்களும் இணையவழிக்கு மாறின. தரம் காக்க இன்றியமையாதது என்று சொல்லப்பட்ட தடை ஒரே ஆண்டில் காணாமல் போனது.

"அரசுக் காசில் படித்துவிட்டு அமெரிக்கா போவதா?" என்று சிலர் கேட்கக்கூடும். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு மூட்டை கட்டிய தலைமுறையிடம் இந்தக் கேள்வி எவ்வளவு உரக்கக் கேட்கப்பட்டது? போவதும் இங்கேயே இருப்பதும் அவரவர் விருப்பம். அந்த விருப்பம் நமக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு உதவுகிறது. உரிமத் தேர்வுக் கட்டணத்தையும் அதில் சேர்க்கக் கோருவோம். ஏற்கெனவே போய்ச் சேர்ந்த நம்மவர்கள், ஆளுக்கொரு மாணவருக்காவது வழிகாட்டட்டும், கடிதம் தரட்டும், தங்க இடம் தரட்டும். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தோழர்களே, இறுதியாண்டுவரை காத்திருக்காமல் இன்றே ஒரு வாசிப்புக் குழுவாகச் சேருங்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே கிடைக்கும் தகவலை நாம் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம்.