பிரம்பறுப்பவர் வீட்டுப் பிள்ளை

தை மாதத்து மக நட்சத்திரம் திருமழிசையாழ்வார் அவதரித்த திருநாள். பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள திருமழிசைக்குச் சென்று ஜகந்நாதப் பெருமாளையும் ஆழ்வாரையும் சேவித்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். ஆழ்வாரைப் பற்றிய உபந்நியாசங்களில் நாம் பெரும்பாலும் கேட்பவை அவருடைய பிற்கால வைபவங்களே. சீடன் கணிகண்ணன் காஞ்சியை விட்டுப் புறப்பட்டபோது ஆழ்வாரும் புறப்பட, அவர் சொற்கேட்டுத் திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்த வரலாறு சிறு குழந்தைக்கும் தெரியும். குடந்தை ஆராவமுதன் கிடந்த கோலத்திலிருந்து எழ முற்பட்டதும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த திருவாளன் என்பவரைப் பற்றி யாரும் நின்று பேசுவதில்லை. குருபரம்பரை நூல்களிலும் அவருக்குக் கிடைத்த இடம் சில வரிகளே. இவ்வாரம் அவரைப் பற்றிச் சிந்திக்க ஒரு காரணம் நேர்ந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் பிறந்தது கை கால் உருவற்ற ஒரு பிண்டம் என்றும், அவர்கள் அதை ஒரு புதரின் கீழ் விட்டுச் சென்றனர் என்றும், எம்பெருமான் அருளால் அது உயிரும் உருவும் பெற்று அழுதது என்றும் குருபரம்பரை கூறுகிறது. அந்த அழுகுரல் பிரம்பு அறுக்க வந்த திருவாளன் செவியில் விழுந்தது. குழந்தைப் பேறு இல்லாத அவர் அதை வாரியெடுத்துத் தம் மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுத்தார். அந்த அம்மையாருக்குப் பாசத்தால் பால் சுரந்தது. குழந்தையோ பால் குடிக்கவில்லை.

இந்த இடத்தை நாம் வேகமாகக் கடந்து விடுகிறோம். ஆழ்வாரின் பெருமையைக் காட்டும் அற்புதமாக மட்டும் இதைக் கேட்டுப் பழகிவிட்டோம். பங்கயச்செல்வியின் பக்கத்தில் நின்று பாருங்கள். பல ஆண்டுகள் ஏங்கிய ஒருத்திக்குக் குழந்தை கிடைக்கிறது, பாலும் சுரக்கிறது, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிறகு வேளாண் குலத்து முதியவர் ஒருவர் தம் மனைவியோடு பசும்பாலைக் காய்ச்சிக் கொண்டுவருகிறார். அதைக் குழந்தை அருந்துகிறது. தம் வீட்டுப் பிள்ளைக்கு மற்றொருவர் வீட்டுப் பால் என்று திருவாளன் தம்பதியர் வாயிற்கதவைச் சாத்தவில்லை. அந்த முதியவர் நாள்தோறும் வந்தார். குழந்தை மிச்சம் வைத்த பாலை அருந்திய முதிய தம்பதியருக்கு இளமை திரும்பி, கணிகண்ணன் பிறந்தான். பெற்றவர் இருவர், வளர்த்தவர் இருவர், பாலூட்டியவர் இருவர் என ஒரு பிள்ளைக்கு ஆறு பேர்! எல்லோருக்கும் இடமிருந்தது திருவாளனின் சிறு வீட்டில்.

பிரம்பு அறுக்கும் தொழில் எளிதன்று. பிரம்பு பனையினத்தைச் சேர்ந்த கொடி. அருகிலுள்ள மரங்களைப் பற்றி ஏறும். தண்டைச் சுற்றியுள்ள உறையெங்கும் முள். அறுப்பவர் கொடியைக் கீழே இழுத்து, முள்ளுறையைச் சீவி, காயவைத்துக் கட்டாக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். ஈரமான புதர்க்காட்டில் பாம்புக்கும் அட்டைக்கும் நடுவே நாள் முழுதும் நிற்கும் உழைப்பு. அவ்வுழைப்பை அறிந்த கைகள் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கைகளில் வளர்ந்த பிள்ளைக்கோ நாட்டமெல்லாம் ஏட்டின் மேல். ஏழு வயது முதலே எல்லாச் சமயங்களையும் ஆராயப் புகுந்தார் என்பது வரலாறு. சாக்கியம், சமணம், சாங்கியம், யோகம் என ஒன்றையும் விடவில்லை. நான்முகன் திருவந்தாதியில் ஆழ்வாரே தம் பொழுது போன விதத்தைச் சொல்லுமிடத்தில், எழுதுவதையும் வாசிப்பதையும் கேட்பதையும் வழிபாட்டோடு சேர்த்தே சொல்கிறார். படிப்பும் பூசையும் அவருக்கு வெவ்வேறாக இருக்கவில்லை.

பிரம்புக் கட்டு இறக்கிவைத்த வாசலில் ஒரு சிறுவன் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, எங்கோ நினைவாக அமர்ந்திருப்பதைத் தந்தை எப்படிப் பார்த்திருப்பார்? தமக்குப் பின் அரிவாளைப் பிடிக்க ஒருவன் வந்தான் என்று எண்ணியிருக்க மாட்டாரா? குருபரம்பரை இதற்கு விடை சொல்லவில்லை. ஆயினும் திருவாளன் தடுத்ததாகவோ சினந்ததாகவோ ஒரு சொல்லும் அதில் இல்லை. பிள்ளை ஒவ்வொரு சமயமாகத் தேடித் திரிந்த காலமெல்லாம் அவனுக்குச் சோறிட்டது பிரம்பு விற்ற காசுதான் என்பது என் துணிபு.

பிள்ளை தந்தையிடமிருந்து ஒன்றும் பெறவில்லையா என்றால், பெற்றிருக்கிறார் என்றே தோன்றுகிறது. பேயாழ்வார் அவரை ஆட்கொண்ட கதையை நினைத்துப் பாருங்கள். திருமயிலையில் பேயாழ்வார் செடிகளைத் தலைகீழாக நட்டு, அறுந்த கயிற்றாலும் ஓட்டைக் குடத்தாலும் நீர் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற திருமழிசையார் நின்று நகைத்தார். வாதம் அங்கேதான் தொடங்கியது. எத்தனையோ தருக்க நூல்களைக் கற்றவரை நிறுத்திவைத்தது சுலோகமோ சூத்திரமோ அன்று. வேர் மேலாக நடப்பட்ட ஒரு செடி. செடியைப் பார்க்கத் தெரிந்த கண் அவருக்குப் பிரம்பறுப்பவர் வீட்டில் வாய்த்தது என்று அடியேன் எண்ணுவது உண்டு. திருவேங்கடத்தைப் பாடும்போதும் அவர் கண்ணுக்குக் கோபுரம் முதலில் தெரிவதில்லை. கானகமும், மணிகளை உருட்டிவரும் அருவியும், பூத்த மரமும், குரங்கும், வேடரும் வந்து நிற்கின்றனர். பெரியோர்கள் இதற்கு ஆழ்ந்த உட்பொருள் உரைப்பார்கள், அதை மறுக்கவில்லை. காட்டை அறிந்தவன் மகன் என்பதும் அங்கே ஒலிப்பதாக எனக்குக் கேட்கிறது.

இனிக் காரணத்தைச் சொல்கிறேன். சென்ற புரட்டாசியில் குடந்தைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் உழவர். வயலில் பொழுது விடிந்து வயலில் பொழுது சாயும் மனிதர். ஆற்றில் நீந்துவதிலும் மீன் பிடிப்பதிலும் அவ்வூரில் அவருக்கு இணை கிடையாதாம். பதினோராண்டுகள் பிள்ளையின்றி, பிறகு நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை முறைப்படி சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நடந்துகொண்டே படிக்கிறான். வயலுக்கு அழைத்துச் சென்றால் வரப்பில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கிறான். நீச்சல் கற்பிக்க அரசலாற்றுக்கு அழைத்துப் போனால், கரையிலேயே நிற்கிறான். தந்தை அடித்ததில்லை, ஏசியதுமில்லை. ஆனால் வரவர இருவரும் பேசுவதே குறைந்துவிட்டது. ஓர் இரவு மகன் தம்மிடம், “இவன் என்னோடு ஒட்டவே மாட்டான் போலிருக்கிறது அம்மா” என்று சொன்னதாக அம்மையார் எழுதியிருந்தார்.

இதுமட்டுமானால் எல்லா வீடுகளிலும் உள்ளதுதான் என்று விட்டிருப்பேன். ஒரு கலியாண வீட்டில் உறவினர் ஒருவர், “எங்கோ முளைத்ததைப் பிடுங்கி வந்து நட்டால் நம் மண்ணில் வேர் பிடிக்குமா?” என்று அம்மையாரிடம் கேட்டிருக்கிறார். சிறுவன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அன்று முதல் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அவன் கூடத்துக்கு வருவதில்லை. ‘இவன் எங்கள் பிள்ளையாக நிற்பானா?’ என்பது அம்மையாரின் கேள்வி.

அந்தச் சொல்லைச் சொன்னவர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. ஏகாதசி தவறாதவராக இருப்பார். நம்மைப் போல ஒருவராகவே இருப்பார். முதுமையில் நாக்கு தளர்ந்துவிடுகிறது. யார் பின்னால் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. ‘வளர்ப்புப் பிள்ளை’ என்ற சொல்லைப் பிள்ளையின் எதிரில் பயன்படுத்தும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் ஒழியவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து சுவீகாரச் சட்டம், சுவீகார நாள் முதல் எல்லாப் பொருளிலும் அப்பிள்ளை அந்தப் பெற்றோரின் பிள்ளையே என்கிறது. சட்டத்துக்கு இருக்கும் தெளிவு பந்தியில் அமர்ந்து பேசும் நமக்கு இருக்கலாகாதா?

நிற்பானா என்ற கேள்விக்கு வியாச பகவான் எப்போதோ விடை எழுதிவிட்டார். அரங்கத்தில் அங்க நாட்டு மன்னனாகக் கர்ணனுக்கு முடிசூட்டிய வேளையில், தேரோட்டி அதிரதன் மேலாடை நழுவ, வியர்வை வழிய, கோலூன்றி நடுநடுங்கி உள்ளே வருகிறான். அத்தனை அரசர்களும் பார்த்திருக்க, கர்ணன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, அபிஷேக நீர் ஈரம் உலராத தலையை அவன் முன் தாழ்த்துகிறான். அதன் விளைவு பீமனின் ஏளனம் என்பது அனைவரும் அறிந்ததே. பின்னர் கண்ணபிரான் தனியே அழைத்து, நீ குந்தியின் மகன், அரசு உன்னுடையது என்றபோதும் கர்ணன் அசையவில்லை. அதிரதன் எனக்கு ஜாதகர்மம் செய்வித்தான், பெயரிட்டான், மணம் முடித்துவைத்தான். ராதை என் மலமூத்திரம் எடுத்தாள். அவர்களுக்குப் பிண்டம் இல்லாமல் செய்வேனா என்று கேட்கிறான். அவன் எடுத்துக்காட்டியவை வீரச் செயல்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தினம் செய்த சிறு வேலைகளையே எண்ணிச் சொல்கிறான்.

அம்மையாருக்கு நான் நீண்ட பதில் எழுதவில்லை. உங்கள் மகன் புத்தகம் படிக்க வேண்டாம், பேரன் ஏர் பிடிக்கவும் வேண்டாம். மகன் இரவு உணவு கொள்ளும் நேரத்தில் ஆழ்வார் வைபவத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டும்படி பேரனைக் கேளுங்கள். உங்களுக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லுங்கள், அது பொய்யாகவும் இராது என்று எழுதினேன்.

பொங்கல் கழிந்து மறு கடிதம் வந்தது. முதல் பத்து நாட்கள் மகன் தலைநிமிராமல் உண்டு எழுந்து போய்விட்டாராம். பிறகு ஓர் இரவு, பெரும்புலியூர் நிகழ்ச்சி வந்தது. வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள், ஆழ்வார் திண்ணையில் வந்து அமர்ந்ததைக் கண்டு, அவர் செவிபட ஓதலாகாது என்று நிறுத்தினார்கள். அவர் எழுந்து விலகிய பின் மீண்டும் தொடங்க முயன்றபோது, விட்ட இடம் மறந்துபோயிற்று. ஆழ்வார் வாய் திறவாமல் ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். விட்ட வாக்கியம், நகத்தால் உரித்த கருநெல்லைப் பற்றியது. அவர்கள் நினைவு வந்து, நாணி, அவர் திருவடிகளில் விழுந்தார்கள்.

மகன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல், “எந்த நெல், தம்பி?” என்று கேட்டிருக்கிறார். கறுப்பு நெல் என்று மட்டும் போட்டிருக்கிறது அப்பா என்றான் சிறுவன்.

“ஈர நெல்லாக இருந்தால் நசுங்கிப்போகும். நன்றாகக் காய்ந்த நெல்லாக இருந்தால்தான் உமி நகத்துக்குப் பிரியும். அந்த வீட்டு வாசலில் நெல் காயப் போட்டிருந்திருப்பார்கள். அறுப்பு முடிந்த காலம், தை மாசியாக இருக்கும்.”

சிறுவன் நிமிர்ந்து பார்த்தானாம். “இது எந்தப் புத்தகத்திலும் இல்லையே அப்பா!” என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்ப் பென்சில் எடுத்துவந்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டான்.

மறுவாரம் மகன் அயலூரில் பழைய நெல் வகைகளைப் பயிரிடும் ஒருவரிடம் சென்று, கருங்குறுவை ஒரு பிடி வாங்கித் துண்டில் முடிந்து வந்திருக்கிறார். அதன் உமி கறுப்பு. உள்ளே அரிசி சிவப்பு. முதலில் ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து, ‘சரியாகக் காய்ந்திருக்கிறது’ என்று சொல்லி, மகனையும் கடித்துப் பார்க்கச் செய்தாராம். பிறகு இருவரும் திண்ணையில் அமர்ந்து உரித்திருக்கிறார்கள். பையனுக்கு நகம் ஒடிந்ததுதான் மிச்சம். தந்தை கட்டைவிரல் நகத்தை எந்த இடத்தில் ஊன்ற வேண்டும் என்று காட்டிக் கொடுத்த பின் அவன் உரித்தவை மொத்தம் இருபத்திரண்டு. அம்மையார் எண்ணி எழுதியிருக்கிறார். அப்போது தெருவோடு போன உறவினர் ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தாராம்; பையன் உள்ளே போகவில்லை.

நீச்சல் மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லையாம். கோடை வரட்டும் என்று மகன் சொல்லியிருக்கிறாராம்.